ஓக் மரத்தில் கறுப்புப் புள்ளியா? ஸ்டெயின் டப்பாவைத் திட்டாதீர்கள்

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டில் ஓக் மேசைக்கு ஸ்டெயின், அதாவது மரச் சாயம், ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பார்த்தால் மேல்பலகையில் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். சாயம் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், இரும்பு எங்கே பட்டது என்று தேடுங்கள்.

ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். தோல் பதனிடும் கருவேலம்பட்டையில் இருப்பதும் இந்த வகைதான். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் டானின் கருநீலமாகிவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்ப்பது, துருப்பிடித்த டப்பாவில் தண்ணீர்ச் சாயம் கலக்குவது, சாதா ஆணி அடிப்பது எல்லாம் இதற்கு வழி. உப்புக்காற்றில் ஆணி என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பித்தளைத் திருகு போடுங்கள். போர்த் தண்ணீர் வாளியில் செங்கறை படிய வைக்கிறதா? அதில் சாயம் கரைக்காதீர்கள், கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி விழுந்த பிறகு மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்ப்பது வீண் வேலை. பூச்சைச் சுரண்டி வெறும் மரம் தெரிந்ததும், ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பலகை முழுக்கத் தடவுங்கள். புள்ளியில் மட்டும் தொட்டு வைத்தால் அங்கே வெளுத்துத் திட்டாகிவிடும். காய்ந்ததும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். இது விஷம். கையுறை கட்டாயம், காய்ந்த தூள் மூக்கில் ஏறக்கூடாது.

உப்புத்தாளை 150-ஆம் எண், மிஞ்சினால் 180-ஓடு நிறுத்துங்கள்; எண் ஏற ஏறத் தாள் நைசாகும். 320 வரை போய் வழவழப்பாக்கினால் ஸ்டெயின் உள்ளே இறங்காமல் வெளிறி நிற்கும். இணைப்பில் பிதுங்கிய பசையைச் சுரண்டாமல் விட்டாலும் அதே கதைதான். தண்ணீர்ச் சாயம் என்றால், முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

ஓக்கின் துளைகள் பெரியவை. எண்ணெய் ஸ்டெயினை நன்றாகத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், துளையிலிருந்து மேலே ஊறி மினுமினுவென்று நிற்கும். அடிக்கடி போய்த் துடைக்க வேண்டும், வேறு வழியில்லை. ஸ்பிரிட் சாயத்தின் மேல் அரக்குப் பாலிஷைப் பிரஷால் அழுத்தித் தேய்த்தால் சாயமும் கரைந்து கோடு கோடாக இழுபடும். பிரஷ் வேண்டாம், ஸ்பிரே பண்ணுங்கள்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைக் காற்றில் அரக்கோ லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சோ அடித்தால், ஈரம் படிந்து பூச்சு பால்போல வெளுக்கும். பலர் இதையும் சாயக் கோளாறு என்றே நினைக்கிறார்கள். வெயில் ஏறிய நண்பகலில் அடியுங்கள். வெளுத்த இடம் லாக்கரானால், உலர்ந்த நாளில் மெதுவாக உலரும் தின்னரை மெல்லிசாக ஸ்பிரே செய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.