ஆட்டோபைலட் தள்ளாடும்போது எங்கே தேடுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில், எம்4 நெடுஞ்சாலைக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே நெருக்கிக் கிடக்கும் ஒற்றை ஓடுபாதையின் ஓரத்தில், நாங்கள் மூவர் பங்கு போட்டு வாங்கிய பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானம் ஒன்று நிற்கிறது. அதிலுள்ள எஸ்-டெக் 30 ஆட்டோபைலட் (விமானத்தைத் தானாகச் செலுத்தும் கருவி) ஒரு குளிர்காலம் முழுவதும் எங்களைப் படுத்திய பாட்டில் கற்றுக்கொண்டதை, அதே தொல்லையில் இருக்கும் உரிமையாளர்களுக்காக எழுதுகிறேன். உயரத்தைப் பிடிக்கச் சொன்னால் அது மூக்கைத் தூக்கும், தாழ்த்தும், மறுபடியும் தூக்கும். அலையில் ஏறி இறங்கும் படகில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பணிமனை ஒன்று கணினிப் பெட்டியையே மாற்றித் தந்தது. பணம் போனதே தவிர ஆட்டம் போகவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பெட்டி தனக்கு வரும் செய்தியை நம்பி ஒரு கம்பியை இழுக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் அதற்கு வரும் செய்தி சரியானதா, அது இழுக்கும் கம்பி சரியாக இழுபடுகிறதா என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ளாமல் பெட்டியின் மேல் பழி போடக்கூடாது.

தேடத் தொடங்குமுன், ஆட்டோபைலட்டை எத்தனை வழிகளில் துண்டிக்க முடியும் என்பதைத் தரையிலேயே செய்து பாருங்கள். யோக்கில் (விமானி பிடித்துச் செலுத்தும் கைப்பிடியில்) உள்ள துண்டிப்புப் பொத்தான், ஆட்டோபைலட்டின் சர்க்யூட் பிரேக்கர், அதுவும் பலிக்காவிட்டால் மாஸ்டர் சுவிட்ச், இவை ஒவ்வொன்றும் உண்மையில் விடுவிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிரேக்கர் எந்த வரிசையில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டும் விரல் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோபைலட்டுக்காகக் கம்பியை இழுக்கும் மோட்டாரான சர்வோவின் கிளட்ச், விமானி கையால் மீறினால் வழுக்கும்படி அமைக்கப்பட்டது. யோக்கைப் பிடித்து அதை ஒருமுறை மீறிப் பாருங்கள். தானாக டிரிம் செய்யும், அதாவது கையழுத்தம் இல்லாமலே மூக்கு நிலைத்து நிற்கும்படி சரிசெய்துகொள்ளும் வகை ஆட்டோபைலட் இருந்தால், உயரப்பிடிப்பு இயங்கும்போது அதை எதிர்த்து யோக்கை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் மேலே இழுக்க இழுக்க அது டிரிம்மைக் கீழ்நோக்கி ஓட்டும். பிறகு துண்டித்தவுடன் விமானத்தின் முழுக் கனமும் உங்கள் கையில் விழும்.

அடுத்து, உங்கள் ஆட்டோபைலட் எந்த ஜைரோவை (சாய்வையோ திருப்பத்தையோ உணரும் சுழல் கருவியை) நம்பியிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். சென்சுரி II, III போன்ற ஆட்டோபைலட்களும் கிங் கேஎஃப்சி 150-உம் செயற்கை அடிவானக் கருவியிலிருந்து சாய்வை அறிகின்றன. அந்தக் கருவி பொதுவாகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பால் சுழல்வதால், உறிஞ்சும் அழுத்தம் குறைந்தாலும் ஜைரோவின் பேரிங் தேய்ந்தாலும் ஆட்டோபைலட்டும் கூடவே தடுமாறும். எங்கள் 30 போன்ற பழைய எஸ்-டெக் வகைகளும் கேஏபி 140-உம் மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற திருப்பம் காட்டும் கருவியிலிருந்து திரும்பும் வேகத்தை அறிகின்றன. இவற்றில் வேக்குவம் பம்ப் செத்தாலும் இறக்கைகளை மட்டமாக வைத்திருக்கும் பயன்முறை பிழைத்துக்கொள்ளும். இது தெரியாமல், எஸ்-டெக்கின் இறக்கை ஆட்டத்துக்காக அடிவானக் கருவியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பறந்து சோதிக்க நல்ல நாளைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. உள்நாட்டு மேட்டிலிருந்து சூடாக இறங்கும் பெர்க் காற்று வீசும் நாளில் எந்த ஆட்டோபைலட்டும் பைத்தியம் பிடித்தது போலத்தான் நடந்துகொள்ளும். டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரின் பக்கம் போனால் மலையலையில் உயரத்தைக் காக்க அது மூக்கை மாற்றிக்கொண்டே இருக்கும், வேகமும் ஏறி இறங்கும்; அதைப் பழுதென்று குறித்துவிடக்கூடாது. காற்று அடங்கிய காலை வேளையில், கடற்கரையோரமாக, தெளிந்த வானில், போதிய உயரத்தில், பக்கத்து இருக்கையில் வெளியே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு விமானியோடு செல்லுங்கள். என் மச்சான்தான் எனக்கு அந்தக் கண். அவர் போக்குவரத்தைப் பார்க்க, நான் குறிப்பேட்டில் எழுதுவேன்.

முதல் சோதனையில் ஆட்டோபைலட்டுக்கு வேலையே இல்லை. அதை அணைத்துவிட்டு, விமானத்தை டிரிம் செய்து கைகளை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால் குறை விமானத்தின் அமைப்பிலோ இருபக்க எரிபொருளின் ஏற்றத்தாழ்விலோ இருக்கிறது. அதை ஆட்டோபைலட் தலையில் கட்டுவது அநியாயம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு பயன்முறையை மட்டும் இயக்குங்கள். இறக்கை மட்டப் பயன்முறை ஒழுங்காக இருந்து, குறித்த திசையைக் காக்கும் ஹெடிங் பயன்முறையில் மட்டும் பாதை விலகினால், திசை காட்டும் டைரக்ஷனல் ஜைரோவையும் அதன் குறிமுள்ளையும் பாருங்கள். ஜைரோ நகர்ந்துபோயிருந்தால் ஆட்டோபைலட் அந்தத் தவறான திசையைத்தான் ஒழுங்காகக் காக்கும். ஹெடிங்கும் சரியாக இருந்து, ஜிபிஎஸ் தடத்தைப் பின்தொடரும்போது மட்டும் பாம்பு போல வளைந்தால், வழிகாட்டும் கருவிக்கும் பெட்டிக்கும் இடையிலான இணைப்பில் தேட வேண்டும். எல்லாப் பயன்முறையிலும் இறக்கைகள் மெதுவாக இடமும் வலமும் ஆடினால், ஜைரோவையும் சர்வோக் கம்பியையும் சந்தேகிக்கலாம்.

எங்கள் தொல்லை மூக்கில் இருந்தது. அதற்கே அதிக இடம் தருகிறேன். உயரப்பிடிப்பு, ஸ்டாட்டிக் குழாயில் வரும் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்தே உயரத்தை அறிகிறது. அந்தக் குழாயில் ஈரம் தேங்கினாலோ, இணைப்பில் கசிவு இருந்தாலோ செய்தி தாமதமாக வரும்; தாமதமான செய்திக்கு ஆட்டோபைலட் தாமதமாகத் திருத்தம் செய்யும், அந்தத் திருத்தமும் அளவு மீறும், அதுவே ஆட்டமாகிறது. வானில் இதை எளிதாகப் பிரித்தறியலாம். உயரப்பிடிப்பை அணைத்துவிட்டு விமான அறையின் காற்றழுத்தத்தைப் பதிலாகத் தரும் மாற்று ஸ்டாட்டிக் வால்வைத் திறந்து, உயரமானி புதிய இடத்தில் நிலைத்தபின் மீண்டும் இயக்குங்கள். ஆட்டம் தணிந்தால் குழாயில்தான் கோளாறு. உயரப்பிடிப்பின் அழுத்த உணரி குழாயின் எந்தப் பகுதியில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இச்சோதனை பேசும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் சோதனையில் ஆட்டம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பல ஆண்டுகள் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர், விமானி இருக்கையின் இடப்பக்கம் தாழ்வாக உள்ள ஸ்டாட்டிக் வடிகாலைத் திறக்கச் சொன்னார். மூன்று சொட்டுத் தண்ணீர் விழுந்தது. “மீதி ஆட்டத்துக்கு வாலைப் பாருங்க தம்பி” என்றார். பொறியாளர் பின்பக்க மூடியைக் கழற்றி விளக்கடித்தபோது, சர்வோவின் உருளையிலிருந்து மூக்கை ஏற்றி இறக்கும் வால்தகடான ஸ்டெபிலேட்டரின் கம்பிக்குப் போகும் மெல்லிய இணைப்புக் கம்பி (பிரைடில்) தளர்ந்து தொங்கியது. விரலால் தொட்டால் தொய்ந்தது. அதைப் பிடிக்கும் கிளாம்ப்பின் ஓரத்தில் கடற்காற்று விட்டுப்போன வெள்ளைத் தூள் படிந்திருந்தது. சர்வோ சுழலத் தொடங்கியபின் அந்தத் தொய்வு இறுகும் வரை ஸ்டெபிலேட்டர் அசையாது. இறுகியதும் வேண்டியதைவிட அதிகமாக அசையும். அளவிகொண்டு இழுவிசையைக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்த பின் எங்கள் படகு சவாரி முடிந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. விமானத்தின் அலுமினிய உடல் எஃகுக் கம்பியைவிட வெப்பத்துக்கு அதிகம் விரியும், குளிருக்கு அதிகம் சுருங்கும். டர்பனின் வெதுவெதுப்பில் சரியாக இருக்கும் கம்பி, ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துப் பனிக்காலையில் சற்றுத் தளர்ந்துவிடும். பழுது குளிரில் மட்டும் தலைகாட்டினால் அதைக் குறிப்பேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

மின்சாரக் கோளாறுகள் சுருக்கமானவை. ஆல்டர்னேட்டர் ஓடும்போது மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தாழ்ந்தால் ஆட்டோபைலட் காரணம் சொல்லாமல் விலகிவிடும். வானொலிப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் யோக் துடித்தால், ஆன்டெனாக் கம்பியின் கவசமோ தரையிணைப்போ கெட்டிருக்கிறது. குலுக்கலில் மட்டும் வந்து போகும் பழுதுக்கு இணைப்பு முனைகளே முதல் சந்தேகம்.

உரிமையாளராக நீங்கள் பார்க்கலாம், சோதிக்கலாம், எழுதலாம். ஆனால் சர்வோவின் கிளட்ச்சையும் கம்பியையும் சரிசெய்வது உரிமம் பெற்றவரின் வேலை, அது பராமரிப்புப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். யூடியூப் பார்த்து ஸ்பேனரை எடுப்பவர்களுக்கு நான் எந்த உதவியும் செய்ய மாட்டேன். அதுபோலவே, “ஆட்டோபைலட் வேலை செய்யவில்லை” என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்து விமானத்தை விட்டுவிட்டு வராதீர்கள். எந்த அச்சு, எந்தப் பயன்முறை, என்ன வேகம், எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது, எந்த விளக்கு எரிந்தது, வெளியே எத்தனை பாகை வெப்பம், மாற்று ஸ்டாட்டிக்கில் என்ன ஆனது என்பதெல்லாம் தாளில் இருந்தால், பெட்டியை மாற்றிப் பார்க்கும் ஆசை பணிமனைக்கு எளிதில் வராது. பழுது தீரும்வரை பிரேக்கரை இழுத்து, மீண்டும் உள்ளே தள்ள முடியாதபடி வளையம் மாட்டி, இயங்காது என்ற சீட்டையும் ஒட்டச் செய்யுங்கள். பங்காளிகளில் ஒருவர் அடுத்த சனிக்கிழமை எதுவும் தெரியாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடும்.