நல்லிணக்கப் பாடத்துக்குக் கனடா ஆசிரியர் ஆயத்தமாகும் முறை

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளுள் 62, 63 ஆகிய இரண்டையும் ஆசிரியர் முதலில் வாசிக்க வேண்டும். பூர்வகுடிச் சிறுவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்த்த வதிவிடப் பள்ளிகள், பூர்வகுடிகளோடு அரசு செய்த நில உடன்படிக்கைகள், பூர்வகுடிகளின் பங்களிப்பு ஆகியவற்றை 12ஆம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கவும், ஆசிரியர்களின் பயிற்சித் தேவைகளை இனங்காணவும் அவை வலியுறுத்துகின்றன. பின்புல அறிவுக்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 12 பகுதிகள் கொண்ட இணையவழிப் பாடநெறி நல்ல தொடக்கம்.

மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் இயங்கும் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையம், வதிவிடப் பள்ளிகளில் பயின்று மீண்டவர்களின் வாக்குமூலங்களைப் பாதுகாத்துவருகிறது. அவற்றை வகுப்பில் பயன்படுத்துமுன் ஆசிரியர் தனியே முழுவதும் கேட்டுவிட வேண்டும்; சிறுவர்க்கு ஒவ்வாத பகுதிகள் உண்டு என்பதோடு, மீண்டவர் ஒருவரின் பேரப்பிள்ளையே அவ்வகுப்பில் அமர்ந்திருக்கவும் கூடும்.

மரபறிவைப் பகிரப் பூர்வகுடி மூத்தோரை வகுப்புக்கு அழைக்கும் முறை இனத்துக்கு இனம் வேறுபடும். புகையிலை அளித்து வேண்டுவது பல இனங்களில் மரபு. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களிடம் அது மரபன்று. ஆகவே பள்ளி வாரியத்தின் பூர்வகுடிக் கல்விப் பிரிவில் வழக்கத்தைக் கேட்டறிந்து, மதிப்பூதியத்துக்கும் பயணச் செலவுக்கும் நிதி ஒதுக்கிய பின்னரே அழைப்பு விடுக்க வேண்டும். பண்பாட்டு அறிவை இலவசமாக எதிர்பார்ப்பது மரியாதை ஆகாது.

வதிவிடப் பள்ளிச் சிறுவரை நினைவுகூரும் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை அணிவதோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகளே அதிகம் என்று தோன்றுகிறது. அதைவிட, பள்ளி நிற்கும் நிலத்தின் உடன்படிக்கையை ஆண்டு முழுவதும் பயிலலாம். டொரொண்டோவில் அது 1805இல் செய்யப்பட்ட, ‘13ஆம் உடன்படிக்கை’ எனப்படுவது. அதன்மீது மிசிசாகா பூர்வகுடி மக்கள் தொடுத்த உரிமைக்கோரிக்கை 2010இல்தான் இழப்பீட்டுடன் தீர்க்கப்பட்டது.