ஹைடனின் நால்வர் இசையை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தெழுதும் முறை

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரங்களில் தேவாலயப் பாடகர் குழு வழியாகவோ இசை வகுப்புகள் வழியாகவோ ஸ்டாஃப் நொட்டேஷன் கற்று, ஹார்மனியிலும் ஓரளவு பழகியவர்கள், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பார்க்க விரும்பினால், புதிதாக ஒன்றை இயற்றுவதைவிட நன்கு அமைந்த ஒரு நால்வர் இசையை (இரண்டு வயலின், வயோலா, செல்லோ என நான்கு கருவிகளுக்கான குவார்டெட்டை) விரித்தெழுதுவதே சிறந்த தொடக்கம். சுரங்களைப் பற்றிய கவலை இல்லாததால், எந்த வரியை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது என்ற ஒரே கேள்வியில் மனம் நிற்கும்.

முதல் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் ‘எம்பரர்’ குவார்டெட் எனப்படும் ஓபஸ் (படைப்பு வரிசை) 76, எண் 3இன் இரண்டாம் பகுதி. 1797இல் ஹைடன் அமைத்த அந்த மெட்டுதான் இன்று ஜெர்மனியின் நாட்டுப்பண்ணாக ஒலிக்கிறது. அதைத் தொடரும் நான்கு வேரியேஷன்களிலும் (ஒரே மெட்டைச் சுற்றி வேறு வேறாக அமைத்த வடிவங்களிலும்) மெட்டு ஏறக்குறைய மாறுவதே இல்லை; அது இரண்டாம் வயலின், செல்லோ, வயோலா, முதல் வயலின் என்று கைமாறிச் செல்ல, சுற்றியுள்ள வரிகள் மட்டுமே மாறுகின்றன. மெட்டை யாரிடம் தருவது, அதைச் சுற்றி என்ன வைப்பது என்பதுதான் நம் வேலையும் என்பதால் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது கடினம். ஹைடன் 1809இல் மறைந்ததால் காப்புரிமைத் தடையும் இல்லை. இந்தியச் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்; 1975இல் மறைந்த ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் குவார்டெட்டுகளை 2035 முடியும்வரை அனுமதியின்றித் தொடக் கூடாது.

கருவிகளின் பட்டியலுக்கு ஹைடனின் 104ஆம் சிம்பொனியையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன், டிரம்பெட் ஆகியவற்றில் இரண்டிரண்டு, டிம்பனி எனும் பெரிய முரசுகள், நரம்புக் கருவிகள். எழுதத் தொடங்கும் முன் மூல ஸ்கோரில் (எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒருங்கே உள்ள ஏட்டில்) ஒவ்வொரு பாரிலும், அதாவது தாளக் கட்டத்திலும், எது மெட்டு, எது அடித்தளம், எது இடைநிரப்பு, எது அலங்காரம் என்று நான்கு வண்ணங்களில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நேரடியாகக் கணினியில் இறங்குபவர்கள், நான்கு வரிகளையும் நரம்புக் கருவிகளுக்கு அப்படியே நகலெடுத்துவிட்டு, அவற்றின் மேல் காற்றுக்கருவிகளைப் பூசிவிடுகிறார்கள். அப்போது எல்லாம் ஒரே நிறத்தில் தடித்துப்போகும்.

முதல் வேரியேஷன்தான் உண்மையான சோதனை. இங்கே ஹைடன் வயோலாவையும் செல்லோவையும் முற்றிலும் நிறுத்திவிட்டு, இரண்டாம் வயலின் மெட்டை வாசிக்க, முதல் வயலின் அதன்மேல் வேகச் சுரங்களை இழைக்கும்படி எழுதியிருக்கிறார். பெரிய குழு கையில் இருக்கும்போது அந்த வெற்றிடத்தை நிரப்பத் தோன்றும், நிரப்பக் கூடாது. அலங்காரத்தை முதல் வயலின் தலைமைக் கலைஞர் ஒருவரிடமே விட்டு, மெட்டை ஓபோவுக்கோ கிளாரினெட்டுக்கோ தருவது என் விருப்பம். அலங்காரத்தைப் புல்லாங்குழலுக்குத் தர நினைத்தால், மூச்சுவிட இடமில்லை என்பதை முதலில் பாருங்கள்: இரண்டு குழல்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒருவர் முடிக்கும் கடைசிச் சுரத்திலேயே மற்றவர் தொடங்குமாறு எழுதினால் இணைப்பு தெரியாது. குழலின் கீழ் ஸ்தாயி மெலிந்தது என்பதால், அங்கே இறங்கும் சுரங்கள் கேட்காமல் போகலாம்.

இரண்டாம் வேரியேஷனில் மெட்டு செல்லோவுக்கு வருகிறது. வழக்கமான பழக்கத்தில் டபுள் பேஸ் செல்லோவை ஒரு ஸ்தாயி கீழே பின்தொடருமாறு விட்டுவிட்டால், மெட்டே அடித்தளமாகிவிடும். ஆகவே டபுள் பேஸ் இங்கே ஓய்வெடுக்கட்டும். மூன்றாவதில் வயோலாவின் நிறத்துக்கு கிளாரினெட்டின் தாழ்ந்த ஸ்தாயி நெருங்கியது. ஹார்ன்களை நான்காவதுவரை காத்திருக்கச் செய்யுங்கள்; ஹார்மனி செறிந்து, மெட்டு மேல் ஸ்தாயிக்கு எழும் அந்த இடத்தில் அவை மெல்ல நுழையும்போது கிடைக்கும் வெப்பம், முன்பே செலவழித்திருந்தால் கிடைக்காது. டிரம்பெட்டும் டிம்பனியும் இந்தப் பகுதியில் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இசையமைப்பாளர் அர்னால்ட் ஷொன்பெர்க் 1937இல், தமக்கு முந்திய தலைமுறை இசையமைப்பாளர் பிராம்ஸின் ஓபஸ் 25 பியானோ குவார்டெட்டை (பியானோவும் மூன்று நரம்புக் கருவிகளும் கொண்டது) ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியபோது, பியானோவின் உரத்த ஒலியில் நரம்புக் கருவிகள் அமுங்கிப்போவதால், ஒருமுறையாவது எல்லா வரிகளையும் கேட்க விரும்பியதாகக் காரணம் கூறினார். கடைசிப் பகுதியில் சைலஃபோன்வரை சேர்த்த அவரது துணிவை ரசிக்கலாம்; ஆனால் நாம் பின்பற்றத் தக்கது, எல்லாம் கேட்க வேண்டும் என்ற அந்த நோக்கமே. பியானோ உள்ள படைப்புகளைப் பின்னர் எடுக்கும்போது, பெடலில் நீளும் ஒலியை ஹார்ன், கிளாரினெட் போன்றவற்றுக்கு நீண்ட சுரங்களாகத் தனியே எழுத வேண்டியிருக்கும்.

மீண்டும் ஹைடனுக்கு வருவோம். சில கருவிகள் எழுதிய சுரத்தைவிடத் தாழ்வாக ஒலிப்பதால், ஜி மேஜரில் உள்ள இந்தப் பகுதியை, பி பிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் உயர்த்தி ஏ மேஜரிலும், எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுர அளவு உயர்த்தி டி மேஜரிலும் எழுத வேண்டும். மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருள் இதைத் தானே செய்துவிடும். ஆனால் அதன் ஒலியை நம்பி சமநிலையை முடிவுசெய்யாதீர்கள், ஏனெனில் நிஜ ஓபோவின் கீழ்ச்சுரங்கள் எவ்வளவு தடித்து ஒலிக்கும் என்பதை அது சரியாகக் காட்டாது.

நம் பகுதியில் ஓபோவும் பஸ்ஸூனும் கிடைப்பது அரிது என்பதால், ஓபோவின் வரிகளைக் கிளாரினெட் பார்ட்டிலும் (பார்ட் என்பது ஒவ்வொரு கலைஞரும் பார்த்து வாசிக்கும் தனித் தாள்) பஸ்ஸூனின் வரிகளை யூஃபோனியம் அல்லது செல்லோ பார்ட்டிலும் சிறிய சுரங்களாக அச்சிட்டுவையுங்கள். வயலின்கள் குறைவாக இருந்தால் ஒரு வரிக்கு ஒருவர் அல்லது மூவர் என்று அமையுங்கள். இருவர் மட்டும் சேர்ந்தால் சுருதி வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். கிளாரினெட்டும் யூஃபோனியமும் வாசிக்கும் பேண்டு செட் கலைஞர்கள் முகூர்த்த மாதங்களில் கிடைக்க மாட்டார்கள். கல்யாணங்கள் இல்லாத ஆடியில் ஒத்திகை வையுங்கள். ஏப்ரல், மே மாத ஈரோட்டு வெயிலில் காற்றுக்கருவிகளின் சுருதி ஏறி நரம்புகளின் சுருதி இறங்குவதால், அப்போதைய ஒத்திகையில் உங்கள் எழுத்தின் குறை எது, வெப்பத்தின் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சன்னலோரத் தாள்களை விட்டுவைக்காது. பார்ட்களைத் தடித்த தாளில் அச்சிட்டு, பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு வருமாறு அமைத்து, ஸ்டாண்டுக்கு இரண்டு கிளிப்புகள் கொடுத்துவிடுங்கள்.