ஓஎஸ்பிஎஃப்: 1 ஜிக்கும் 10 ஜிக்கும் ஒரே காஸ்ட்டா?

ஓஎஸ்பிஎஃப் என்பது டேட்டா போக வேண்டிய வழியை ரவுட்டர்கள் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தும் நெறிமுறை; மொத்த காஸ்ட் குறைந்த பாதையை அது எடுக்கும். சிஸ்கோ ரவுட்டரில் இந்த காஸ்ட் என்பது ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை (ஒப்பிட எடுக்கும் வேகம்) இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் போர்ட்) பேண்ட்வித்தால் வகுத்தால் வருவது. ரெஃபரன்ஸ் தானாக 100 எம்பிபிஎஸ். 10 எம்பி லிங்க்குக்கு 10, 100 எம்பிக்கு 1. அதற்கு மேலே 1 ஜி (1000 எம்பிபிஎஸ்), 10 ஜி எல்லாமே 1தான். ஒன்றுக்குக் கீழே காஸ்ட் இறங்காது. அதனால் 10 ஜி பாதை இருந்தும், காஸ்ட் சமம் என்பதால் பழைய 100 எம்பி லிங்க்கிலும் டிராஃபிக் பாதி போகலாம்.

'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்' பகுதிக்குள் 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000' கொடுங்கள் (அலகு எம்பிபிஎஸ்). இப்போது 10 ஜிக்கு 10, 1 ஜிக்கு 100, 100 எம்பிக்கு 1000.

ஒரு ரவுட்டரில் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தன் வெளியேறும் இன்டர்ஃபேஸின் காஸ்ட்டைத்தான் அறிவிக்கும். அளவுகோல் வேறுபட்டால் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று என்று ஆகலாம். இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்' கையால் போட்டிருந்தால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.