கோவளம் முதல் மாமல்லபுரம் வரை: மழை மாதங்களில் குழுவாகக் கடற்கரை நடை

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கரையோரமாகவே நடந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு மணலில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவது அரிது. ஆகவே இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து ஏழு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வெயில் தணிந்திருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களே இந்த நடைக்கு உகந்தவை. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்கிறது. காலையில் தெளிந்திருந்த வானம் பத்து மணிக்குள் கறுத்துவிடக்கூடும். அதனால் புறப்படுவதற்கு முன்பே, எந்தெந்த இடத்தில் கரையை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறலாம் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, அதற்குத் தெற்கே நெம்மேலி, பட்டிபுலம், புலிக்குகை உள்ள சாளுவன்குப்பம் ஆகிய நான்கும் எளிதில் நினைவில் நிற்கும் இடங்கள்.

வடக்கிலிருந்து தெற்காக நடப்பதே நல்லது. இந்த மாதங்களில் வீசும் வாடைக்காற்று அப்போது முதுகுப்பக்கமாக வரும். மழை அடித்தாலும் முகத்தில் அறையாது. முட்டுக்காட்டு முகத்துவாரம் கோவளத்துக்கு வடக்கே இருப்பதால் அதைக் கடக்க வேண்டிய தேவையும் எழாது. கோடையில் மணல் மூடிக் கிடக்கும் முகத்துவாரம் மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டு ஓடும். முழங்கால் ஆழம்போலத் தோன்றும் நீரும் ஆளைக் கடலுக்குள் இழுத்துவிடும். வேறு கரையில் நடப்பவர்கள் எந்த முகத்துவாரத்தையும் பாலத்தின் வழியாகவே கடக்க வேண்டும்.

வானிலையை மூன்று நாள்களுக்கு முன்பும், முந்தின இரவிலும், புறப்படும் காலையிலும் பார்க்க வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் நடையைத் தள்ளிவைத்துவிட வேண்டும். மஞ்சள் என்றால் வடநெம்மேலியோடு முடித்துக்கொள்ளலாம். மழை இல்லாவிட்டாலும், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கை தந்திருந்தாலோ, துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலோ போகக் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் இதே மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. இவற்றோடு, கோவளம் குப்பத்தில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டே புறப்படுங்கள். அவர் வேண்டாம் என்றால், கைப்பேசி என்ன காட்டினாலும் வேண்டாம்.

கடலோரத்தில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கிறது. விடிந்து ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது அதனால் பயன் தரும். மேகக் கூட்டம் கடலிலிருந்துதான் ஏறி வரும். தெற்கு நோக்கி நடப்பவருக்கு அது இடத்தோளுக்குப் பின்னால் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கால்மணிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மழையில் நனைவதால் பெரிய தீங்கில்லை. இடியும் மின்னலும் அப்படியல்ல. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது நொடி இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். முப்பதுக்குக் குறைந்தால் அந்த நொடியே கரையை விட்டு வெளியேற வேண்டும். திறந்த மணலில் நிற்கும் மனிதரே அங்கு உயரமான பொருள். சவுக்குத் தோப்பும், பனை மரமும், ஓலைக் கொட்டகையும் காப்பாற்றா. கான்கிரீட் கட்டடமோ, கதவும் கண்ணாடியும் மூடிய காரோதான் காப்பு. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப மணலில் இறங்கலாம்.

முன்னால் வழியறிந்த ஒருவரும் கடைசியில் பொறுமையான ஒருவரும் நடக்க வேண்டும். இருவரிடமும் விசில் இருக்கட்டும். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். திரும்பலாம் என்று யார் சொன்னாலும் வாதமின்றி ஏற்பதாகத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அச்சத்தை முதலில் சொல்பவர் பெரும்பாலும் குழுவில் இளையவராகவோ புதியவராகவோ இருப்பார். முன்கூட்டிப் பேசிவைக்காவிட்டால் அவர் வாய் திறக்க மாட்டார்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை ஒட்டியும் சூளேரிக்காட்டுக் குப்பத்திலும் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி படிந்த அந்தக் கற்களின் மேல் ஏறாமல், ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப் போங்கள். படகு இழுக்கும்போது ஒதுங்கி நிற்பதும், காயும் வலையை மிதிக்காமல் நடப்பதும், தெருவில் போகும் முன் ஒரு வார்த்தை கேட்பதும் நம் கடமை. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் கரை இது; இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

யாரும் குளிக்க இறங்கக் கூடாது. இக்கரை சட்டென்று ஆழமாகும். மழைக்காலத்து அலை காலடி மணலை அரித்து இழுக்கும். ஈரமணல் நடக்க இறுக்கமாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிவதால் இடக்கால் தாழ்ந்தே போகும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை மேட்டு மணலுக்கு மாறாவிட்டால் இடுப்பு வலிக்கும். பின்வார் உள்ள செருப்பும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும், கைப்பேசிக்கு நீர்புகாத பையும் போதும். ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல்படை 1554 ஆகிய எண்களை எல்லோரும் பதிந்து வைத்திருங்கள்.

சாளுவன்குப்பத்தைத் தாண்டியபின் கடற்கரைக் கோயில் கண்ணில் படும். இன்னும் சிறிது தூரம்தானே என்று களைத்த கால்களையும் கறுத்த வானத்தையும் பொருட்படுத்தாமல் விரையத் தோன்றும் இடம் அதுதான். எனவே அங்கே கட்டாயமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து, தலைகளை எண்ணி, தொடர்வதா சாலைக்கு ஏறுவதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மாமல்லபுரம் சேர்ந்ததும் மறுபடி எண்ணிவிட்டு, வீட்டில் காத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.