தைரொயிட் ரிப்போட்: இரத்தம் கொடுப்பதிலிருந்து குளிசை வரை

கழுத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது தைரொயிட் சுரப்பி. சாப்பாட்டில் வரும் அயடீனைப் பிடித்து டி4, டி3 என்ற இரண்டு ஹோர்மோன்களைச் செய்வது இதுதான். இதயத் துடிப்பு, உடல் சூடு, மலம் போவது, மாதவிடாய் எல்லாவற்றின் வேகமும் இவற்றின் கையில். சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. டி4 குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற ஹோர்மோனைக் கூட்டிவிடும். டி4 மிஞ்சினால் குறைத்துவிடும்.

அதனால் டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் பயப்படுகிறார்கள்.

படி 1: கண்ணாடி முன்னால்

தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். விழுங்கும்போது வீக்கமும் சேர்ந்து மேலே ஏறி இறங்கினால் அது தைரொயிட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டி வேகமாகப் பெருத்தாலோ, கல்லுப்போல இருந்தாலோ, குரல் அடைத்தாலோ, மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்த ரிப்போட் சரியாக இருந்தாலும் கட்டிக்கு ஸ்கேன் தேவை. சுரப்பு நன்றாக இருக்கும் சுரப்பியிலும் கட்டி வரும்.

வீக்கமே இல்லாமலும் நோய் இருக்கலாம். குறைந்தால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், நிறை கூடுதல், மாதவிடாய் அதிகமாகப் போதல். கூடினால் படபடப்பு, கைநடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல். வியர்வையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நம் வெக்கையில் வியர்க்காதவர் யார்?

படி 2: எதைச் செய்யச் சொல்வது

பெரும்பாலானவர்களுக்கு முதலில் டி.எஸ்.எச். ஒன்று போதும். அது பிசகினால் ஃப்ரீ டி4 (இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டி4). 'முழு தைரொயிட் பக்கேஜ்' என்று எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் காசு கட்டத் தேவையில்லை. பக்கத்து வைத்தியசாலை ஓ.பி.டி.யில் காட்டினால், தேவைப்படும்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள்.

படி 3: இரத்தம் கொடுக்கும் நாள்

பட்டினி கிடக்க வேண்டாம். டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் கூடி, பின்னேரம் குறையும். ஆகவே ஒவ்வொரு முறையும் காலையில், முடிந்தால் ஒரே லாப்பில் கொடுங்கள். தைரொக்சின் (டி4 குளிசை) குடிப்பவர்கள் இரத்தம் கொடுத்த பிறகே அன்றைய குளிசையைப் போட வேண்டும். முடி கொட்டாமலிருக்கக் குடிக்கும் பயோட்டினைக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அது சில இயந்திரங்களில் கணக்கைப் பொய்யாக்கும். டெங்கு போன்ற கடும் நோயில் படுத்திருக்கும்போது அவசரமில்லாமல் இதைப் பார்க்கக் கூடாது. எழும்பி 6 கிழமை போகட்டும்.

படி 4: இலக்கத்தை வாசிப்பது

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறத்தாழ லீற்றருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு. லாப்புக்கு லாப் கொஞ்சம் மாறும், ரிப்போட்டிலேயே போட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு மைக்ரோ அலகு என்று போட்டிருந்தாலும் இலக்கம் அதேதான். ஃப்ரீ டி4 அப்படியல்ல: டெசிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 12.9 பிக்கோமோல். ஒரு லாப்பில் 1.2, இன்னொன்றில் 15 என்று வந்தால் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

டி.எஸ்.எச். 10க்கு மேல், ஃப்ரீ டி4 குறைவு என்றால் தைரொக்சின் தேவை. 4க்கும் 10க்கும் இடையில் இருந்து டி4 சரியாக இருந்தால் உடனே குளிசை தொடங்குவதை விட, 2–3 மாதத்தில் டி.பி.ஓ. அன்டிபொடியோடு (உடல் தன் தைரொயிட்டையே தாக்குவதைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) திரும்பப் பார்ப்பதே முறை. பலருக்கு அது தானாக இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்புப் பொருந்தாது.

ஃப்ரீ டி4 குறைந்தும் டி.எஸ்.எச். கூடாமல், குறைவாகவோ சரியாகவோ இருந்தால் கவனம்: கோளாறு கபச்சுரப்பியில் இருக்கலாம். பிரசவத்தில் நிறைய இரத்தம் போய், பிறகு பாலும் சுரக்காமல் மாதவிடாயும் வராமல் இருக்கும் தாயில் இதை நினைக்க வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

படி 5: தைரொக்சின் குடிக்கும் முறை

குளிசை குடித்தும் டி.எஸ்.எச். இறங்காததற்குச் சிலவேளை காரணம் குளிசையல்ல, அதோடு குடிக்கும் பால் தேத்தண்ணி. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் தேத்தண்ணியும் பிட்டும். தாய்சேய் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். சோயா கலந்த திரிபோஷாவையும் அப்படியே தள்ளிவையுங்கள்.

நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே எழும்பிப் போடலாம். அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணித்தியாலத்துக்குப் பிறகு, படுக்கும்போது. எதைத் தெரிவு செய்தாலும் மாதம் முழுக்க அதிலேயே நில்லுங்கள்.

வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் தைரொக்சினைக் கெடுக்கும். கடதாசிக் கவரில் தந்தால், இறுக்கி மூடும் இருட்டுப் போத்தலுக்கு மாற்றுங்கள். அடுப்படித் தட்டில் வைக்க வேண்டாம்.

முழு அளவு நிறைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் வரும். 60 கிலோவுக்கு ஏறத்தாழ 100. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 25 அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவார்கள். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு கிழமை எடுக்கும், ஆகவே அளவை மாற்றினால் 6–8 கிழமைக்குப் பிறகே அடுத்த இரத்தம். இரண்டாம் கிழமையில் பார்ப்பது வீண் காசு.

ஏற்கெனவே குடிப்பவர் கர்ப்பமானது தெரிந்தவுடன் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை 25–30 வீதம் கூட்ட வேண்டிவரும். முதல் பாதிக் கர்ப்பத்தில் 4 கிழமைக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள்.

மரவள்ளி, கோவா தைரொயிட்டுக்குக் கூடாதா என்று எப்போதும் கேட்பார்கள். அயடீன் உப்புப் பாவிக்கும் வீட்டில், அவித்துச் சாப்பிடும் அளவில் பயமில்லை.

சுரப்பு கூடியவர்களுக்கு

டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே போனால் ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3, தேவைப்பட்டால் டி.ஆர்.ஏ.பி. (சுரப்பியைத் தூண்டும் அன்டிபொடி) பார்க்க வேண்டும். பிள்ளை பெற்று ஒரு வருடத்துக்குள் வரும் தைரொயிட் அழற்சியிலும், சுரப்பியில் சேமித்திருந்த ஹோர்மோன் கசிந்து, இரத்தத்தில் அதன் அளவு சில கிழமைக்குக் கூடும். அதற்கு, புதிதாகச் சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல் குளிசை வேலை செய்யாது. காரணம் தெரியாமல் தொடங்கக் கூடாதது இதனால்தான்.

கார்பிமசோல் குடிக்கும்போது காய்ச்சலோ தொண்டைநோவோ வாய்ப்புண்ணோ வந்தால் வெள்ளைக் கலம் விழுந்திருக்கலாம். பனடோலோடு காத்திருக்காமல் குளிசையை நிறுத்தி, அன்றே எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணும் சோதனை) செய்யுங்கள். டெங்குவாக இருக்கும் என்று பார்த்தாலும் அதே இரத்தம்தான் எடுப்பார்கள். ஆனால் கார்பிமசோல் குடிப்பதை வாட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.