சுற்றுலா வருவாயை இடர்களிலிருந்து காப்பது எப்படி?

சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊர், தன் வருவாய் எந்த நாட்டிலிருந்து, எந்த மாதங்களில் வருகிறது என்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும்; பாதிக்கு மேல் ஒரே நாட்டுப் பயணிகளிடமிருந்து வந்தால் அதுவே பெரிய இடர். 2019ஆம் ஆண்டில் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகளின் வருகை, பெருந்தொற்றால் 2020இல் ஏறத்தாழ 40 கோடியாகச் சரிந்தபோது, விடுதிகள் மட்டுமன்றி, அவற்றுக்குத் துணி வெளுத்தவர்களும் காய்கறி கொடுத்தவர்களும் வருமானம் இழந்தனர். ஆகவே உள்நாட்டுப் பயணிகளுக்கேற்ற கட்டணங்களை வகுத்து, நல்ல பருவத்து வருவாயில் ஒரு பகுதியை அவசர நிதியாக ஒதுக்குங்கள். காப்பீடு எடுக்கையில், தொற்றுநோயால் தொழில் முடங்கினால் இழப்பீடு உண்டா என்று விதிவிலக்குப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்; பலரும் கவனிக்கத் தவறுவது அதைத்தான். புயல், வெள்ளக் காலங்களில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை அன்றன்றே அறிவிக்க ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாக்குங்கள்.